சிங்கப்பூரில் குறைந்த செலவில் குடியிருக்க இடம்: வீடு தேடுவோருக்கு ஒரு பாடம்



"சாமி, சிங்கப்பூரில் மலிவாக வீடு எங்கே கிடைக்கும்?" அந்த நாட்டுக்கு வேலைக்குப் புறப்படுகிறவர்களும், மகனையோ மருமகனையோ அங்கே அனுப்பியிருக்கிற பெற்றோரும் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. நியாயமான கேள்விதான். சம்பளம் வெள்ளிக் கணக்கில் வருகிறது என்று ஊரில் பேசிக்கொள்கிறோம். வாடகையும் அதே வெள்ளிக் கணக்கில்தான் போகிறது என்பதை மறந்துவிடுகிறோம். பிரயாணத்துக்கு வாங்கிய கடனுக்கு வட்டி கட்டி, வீட்டுக்குப் பணம் அனுப்பி, மிஞ்சியதைக் கொண்டு அவன் தலைசாய்க்க ஓர் இடம் தேட வேண்டும்.

ஆனால் எங்கே மலிவு என்று கேட்பதற்கு முன், ஏன் மலிவு, யாருடைய செலவில் மலிவு என்று கேட்கப் பழகிக்கொள்ள வேண்டும். உலகில் எந்த வீடும் தானாக மலிவாகிவிடுவதில்லை. வீட்டின் விலை குறைகிறது என்றால், அந்தக் குறைவை எங்கோ யாரோ ஒருவர் ஏற்றுக்கொள்கிறார். அவர் அரசாங்கமாக இருக்கலாம். நிலத்தை இழந்தவராக இருக்கலாம். தூரத்தையும் நெருக்கடியையும் பொறுத்துக்கொள்ளும் குடித்தனக்காரராகவும் இருக்கலாம். இதை அறிந்தவன் ஏமாறமாட்டான், பிறரை ஏமாற்றவும் மாட்டான். இந்தப் பாடத்தின் சாரம் அவ்வளவே. இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. தீவின் நிலைமை

சிங்கப்பூரின் பரப்பு ஏறக்குறைய 735 சதுர கிலோமீட்டர். கடலைத் தூர்த்துச் சேர்த்த நிலமும் இதில் அடக்கம். சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர் என்பதை நினைவில் வைத்தால் அளவு விளங்கும். இந்தச் சிறு தீவுக்குள்ளேயே ஒரு முழுத் தேசம் அடங்க வேண்டும்: விமான நிலையம், துறைமுகம், படை முகாம், நீர்த்தேக்கம், தொழிற்சாலை, கல்லறைத் தோட்டம், 60 லட்சம் ஜனங்கள். நம் ஊரில் பட்டணத்தில் வாடகை கட்டுப்படியாகவில்லை என்றால் பத்து மைல் தள்ளிப் போய்விடலாம். அங்கே பத்து மைல் தள்ளினால் கடல், அல்லது அடுத்த நாடு. ஆகையால் அங்கே வீட்டின் விலை என்பது பெரும்பாலும் நிலத்தின் விலையே.

2. அந்தத் தேசம் செய்த உபாயம்

ஆங்கிலேயர் ஆட்சியில், 1927-ல், சிங்கப்பூர் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் என்ற ஸ்தாபனம் ஏற்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அது கட்டிய வீடுகள் சுமார் 23,000 மட்டுமே. ஏழை ஜனங்கள் பட்டணத்துக் கடைவீடுகளில் ஓர் அறையைப் பலகையால் தடுத்துப் பல குடும்பங்களாக வசித்தார்கள். மற்றவர்கள் பலகையும் தகரமும் ஓலையும் கொண்டு எழுப்பிய கம்பத்துக் குடிசைகளில் இருந்தார்கள். 1960-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியது. மறு ஆண்டு, 1961 மே 25-ந் தேதி, புக்கிட் ஹோ சுவீ என்ற இடத்தில் பிடித்த நெருப்பு ஒரே நாளில் ஏறக்குறைய 16,000 பேரை வீடற்றவர்களாக்கியது. நான்கு உயிர்கள் போயின. எரிந்த அந்த இடத்திலேயே கழகம் அடுக்குமாடிகளை எழுப்பியது. முதல் ஐந்து ஆண்டுகளில் கழகம் கட்டி முடித்த வீடுகள் 50,000-க்கும் மேல்.

இவ்வளவு வீட்டுக்கு நிலமும் பணமும் எங்கிருந்து வந்தன? இரண்டு ஏற்பாடுகளைக் கவனியுங்கள். முதலாவது, 1966-ல் இயற்றப்பட்ட நிலம் கையகப்படுத்தும் சட்டம். பொதுக் காரியத்துக்கு வேண்டிய நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொள்ள இது வழி செய்தது. நெடுங்காலம் சந்தை விலைக்குக் குறைவாகவே நஷ்டஈடு கொடுக்கப்பட்டது. சந்தை விலை கொடுக்கும் முறை 2007-ல்தான் திரும்பி வந்தது. இன்று அந்நாட்டு நிலத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. இரண்டாவது, மத்திய சேமநிதி. தொழிலாளியும் முதலாளியும் மாதந்தோறும் செலுத்தும் இந்த நிதி 1955-ல் தொடங்கியது. 1968 முதல் இதைக் கொண்டு கழக வீட்டுக்குத் தவணை கட்ட அனுமதி உண்டாயிற்று. இவற்றோடு, கழகத்துக்கு ஏற்படும் நட்டத்தை அரசாங்கம் ஆண்டுதோறும் மானியத்தால் ஈடுசெய்து வருகிறது.

ஆக, அந்த மலிவின் செலவை நிலத்தை விட்டுக்கொடுத்தவர்களும், முதுமைக்கென்று வைத்த பணத்தை வீட்டில் போட்ட தொழிலாளிகளும், வரி கட்டுகிற ஜனங்களும் ஏற்றார்கள். இன்று அந்நாட்டில் நிலையாக வாழ்வோரில் ஏறக்குறைய பத்தில் எட்டுப் பேர் கழக வீடுகளில் குடியிருக்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் சொந்தக்காரர்கள். அந்த ஜனங்கள் சேர்ந்து சுமந்த செலவு ஆகையால், முதல் உரிமை அந்நாட்டுக் குடிமக்களுக்கே கொடுக்கப்படுகிறது. வெளியிலிருந்து போகிறவர் இதைப் புரிந்துகொண்டால், "எனக்கு ஏன் இல்லை?" என்ற மனக்கசப்பு குறையும்.

3. எந்தக் கதவு யாருக்குத் திறக்கும்?

குடிமக்களுக்கு: கழகத்திடமிருந்து புதிய வீட்டை மானிய விலையில் வாங்கலாம். தேவைக்கேற்பக் கட்டித் தரப்படும் வீடுகள் என்று இவற்றைச் சொல்வார்கள். விண்ணப்பித்து, குலுக்கலில் வரிசை எண் பெற்று, கட்டி முடியும்வரை சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். குடும்ப வருமானத்துக்கு வரம்பு உண்டு. 2019-ல் அது மாதம் 14,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. இப்படிப்பட்ட வரம்புகள் அவ்வப்போது மாறுமாகையால், விண்ணப்பிக்கும் வேளையில் கழகத்திடமே கேட்டறிய வேண்டும். மணமாகாதவர்கள் 35 வயது நிறைந்தபின் புதிய ஈரறை வீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். 2024 அக்டோபர் முதல் புதிய வீடுகளை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார்கள். நல்ல இடத்தில் உள்ள வீட்டுக்கு மானியம் அதிகம்; ஆனால் பத்து ஆண்டு குடியிருந்த பின்னரே விற்கலாம், விற்கும்போது மானியத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். சாதாரண வகைக்கு ஐந்து ஆண்டு போதும். மிக ஏழைக் குடும்பங்களுக்கு ஓரறை, ஈரறை வாடகை வீடுகளைக் கழகமே கொடுக்கிறது. வருமானத்தைப் பார்த்து வாடகை வைப்பதால் அது மாதம் சில பத்து வெள்ளியிலிருந்து தொடங்கும்.

நிரந்தரவாசிகளுக்கு: கணவன் மனைவி இருவரும் நிரந்தரவாசிகளானால் புதிய வீடு கிடையாது. மறுவிற்பனை வீடு வாங்கலாம். அதற்கும் இருவரும் நிரந்தரவாசிகளாகி மூன்று ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். ஒருவர் குடிமகனாக இருந்தால் சேர்ந்து புதிய வீட்டுக்கு விண்ணப்பிக்கலாம்.

பாஸ் பெற்று உத்தியோகம் பார்ப்போருக்கு: கழக வீட்டை வாங்க வழியில்லை, வாடகைக்கு இருக்கலாம். முழு வீட்டை எடுப்பதானால், மலேசியர் அல்லாத அந்நியருக்கு ஒவ்வொரு பிளாக்கிலும் வட்டாரத்திலும் அளவு வைத்திருக்கிறார்கள். அது நிரம்பிவிட்டால் வீட்டுக்காரர் விரும்பினாலும் அனுமதி கிடைக்காது. அறை எடுப்பவருக்கு இந்தத் தடை இல்லை.

கட்டட வேலை, கப்பல் பட்டறை போன்றவற்றில் ஒர்க் பர்மிட்டில் இருப்போருக்கு: மலேசியர் அல்லாதார் கழக வீடுகளில் குடியிருக்கவே அனுமதியில்லை. இவர்களுக்கு ஏற்ற இடம் கொடுக்க வேண்டியது முதலாளியின் சட்டபூர்வமான கடமை. ஆகவே, "இடத்தை நீயே பார்த்துக்கொள்" என்று எவராவது சொன்னால், அது ஒப்பந்தம் எழுதும்போதே கேள்வி கேட்க வேண்டிய பேச்சு. பெற்றோரே, மகன் கையெழுத்திடும் முன் சம்பளத்தை மட்டும் பார்க்காதீர்கள். தங்கும் இடம் எது, அதற்குச் சம்பளத்தில் பிடித்தம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள்.

4. வாங்குவோர் கவனிக்க: பழைய வீடு ஏன் மலிவு?

கழக வீட்டை வாங்குவது என்றால் நம் ஊரில் நிலத்தைப் பத்திரம் பதிந்து வாங்குவதைப் போல் அல்ல. அது 99 ஆண்டுக் குத்தகை. காலம் முடிந்ததும் வீடு கழகத்துக்குத் திரும்பிப் போகும். பணம் எதுவும் வராது. 1975-ல் குத்தகை தொடங்கிய வீடு 2074-ல் முடியும். அது இன்று விலை குறைந்து காணப்படுகிறதென்றால், மீதியுள்ள காலம் குறைந்தது ஒரு காரணம். இங்கே மலிவின் செலவை ஏற்பவர்கள் உங்கள் பிள்ளைகள். குத்தகைக் காலம், வாங்குவோரில் இளையவருக்கு 95 வயது ஆகும்வரை நீடிக்காவிட்டால், சேமநிதியிலிருந்து எடுக்கக்கூடிய தொகையும் குறையும் என்று 2019-ல் விதி ஏற்பட்டது. தாயும் தகப்பனும் மட்டும் கடைசிவரை வசிப்பதற்குப் பழைய வீடு புத்தியான காரியமாகலாம். பிள்ளைக்குச் சொத்து சேர்க்க நினைப்பவருக்கு அப்படியல்ல.

மறுபக்கம், இளமையான குத்தகையும் நல்ல இடமும் உள்ள மறுவிற்பனை வீடுகள் வெகுவாக விலையேறிவிட்டன. 2024-ல் மட்டும் 1,000-க்கு மேற்பட்ட கழக வீடுகள் பத்து லட்சம் வெள்ளிக்கும் அதிகமாக விற்றன. ஆகையால் கடனுக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள்: கழக வீட்டுக்கான மாதத் தவணை வருமானத்தில் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. சட்டம் வைத்த உச்சவரம்பு அது. உங்கள் வீட்டு நிலைமைக்கு அதைவிடக் குறைவே உசிதமாக இருக்கலாம். மேலும், சேமநிதியிலிருந்து வீட்டுக்கு எடுத்த பணத்தை, வீட்டை விற்கும்போது வட்டியோடு சேமநிதிக்கே திருப்பிச் செலுத்த வேண்டும். விற்ற பணம் முழுவதும் கைக்கு வரும் என்று எண்ணி, ஊரில் நிலத்துக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

இந்தியக் குடும்பங்கள் விசேஷமாக அறிய வேண்டியது ஒன்று உண்டு. ஒரே இனத்தார் ஒரே இடத்தில் குவியாதபடி 1989-ல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை ஏற்பட்டது. ஒவ்வொரு பிளாக்கிலும் ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் அளவு உண்டு. இதனால் சில இடங்களில், விற்க விரும்பும் இந்தியக் குடும்பத்துக்கு வாங்குவோர் குறைந்து, விலையும் குறைந்துபோகிறது. இப்படிச் சிக்கிக்கொள்பவர்களுக்குக் கழகமே வீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் உதவி 2022 முதல் உண்டு. வாங்கும்போதே அந்த பிளாக்கின் அளவைப் பார்த்துக்கொள்வது நலம்.

5. வாடகைக்கு எடுப்போர் கவனிக்க

2022-ம் ஆண்டு ஒன்றிலேயே தனியார் வீட்டு வாடகை ஏறக்குறைய 30 சதவீதம் உயர்ந்தது. கொள்ளைநோயால் கட்டட வேலை தடைப்பட்டு, புது வீடுகள் வரத் தாமதமானது முக்கிய காரணம். அப்படிப்பட்ட நேரத்தில்தான் ஏமாற்றுகிறவர்களுக்கு நல்ல காலம். ஆகவே பின்வருவனவற்றை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

இடம்: பட்டணத்தின் நடுவிலுள்ள குவீன்ஸ்டவுன், புக்கிட் மேரா முதலிய இடங்களைவிட, ஓரத்திலுள்ள வூட்லண்ட்ஸ், ஈசூன், சுவா சூ காங், ஜூரோங் வெஸ்ட் ஆகிய இடங்களில் வாடகை பொதுவாகக் குறைவு. இங்கே மலிவின் செலவு உங்கள் நேரம். வாடகையோடு ரயில், பஸ் கட்டணத்தையும், போய்வரும் மணிக்கணக்கையும் கூட்டிப் பார்த்துத் தீர்மானியுங்கள். இரவுமுறை வேலை செய்பவருக்கு, ரயில் நின்ற பிறகு டாக்சிக்குக் கொடுப்பதில் மிச்சம் பிடித்ததெல்லாம் கரைந்துவிடும்.

காலம்: கழக வீட்டையோ அறையையோ ஆறு மாதத்துக்குக் குறைவாகவும், தனியார் வீட்டை மூன்று மாதத்துக்குக் குறைவாகவும் வாடகைக்கு விடக்கூடாது. "வாரக் கணக்கில் தருகிறேன்" என்பவர் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார். அவரை நம்பிப் போகிறவரும் வெளியேதான் நிற்பார்.

அனுமதி: கழக வீட்டை வாடகைக்கு விடுபவர் முன்னதாகக் கழகத்தின் அனுமதி பெற வேண்டும். அந்த அனுமதியைக் காட்டும்படி மரியாதையாகக் கேளுங்கள். அறையை மட்டும் விடுபவர் தாமும் அங்கேயே குடியிருக்க வேண்டும். ஓர் அறையைப் பூட்டிவைத்துவிட்டு வேறிடத்தில் வசிப்பது செல்லாது. நிரந்தரவாசிகள் தங்கள் கழக வீட்டை முழுவதுமாக வாடகைக்கு விட அனுமதியில்லை.

தரகர்: தரகருக்குப் பதிவெண் உண்டு. சொத்து முகவர் மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் பெயரையும் கைபேசி எண்ணையும் சரிபார்க்கலாம். கழக வீட்டு வாடகை விஷயத்தில் முன்பணத்தையோ வாடகையையோ தரகர் கையில் வாங்குவதை விதி தடுக்கிறது. கேட்கிற தரகர் உண்மையான தரகர் அல்ல, அல்லது விதியை மீறுகிறவர். வீட்டைக் கண்ணால் பாராமல், கைபேசியில் வந்த படத்தை நம்பி ஒரு வெள்ளியும் அனுப்ப வேண்டாம்.

பணம்: ஓர் ஆண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாத வாடகையும், இரண்டு ஆண்டுக்கு இரண்டு மாத வாடகையும் முன்பணமாகக் கேட்பது வழக்கம். ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். நான்கு ஆண்டுக்கு மேற்படாத ஒப்பந்தமானால் மொத்த வாடகையில் 0.4 சதவீதம். மாதம் 1,000 வெள்ளி வீதம் ஓர் ஆண்டுக்கு எடுத்தால், 12,000 வெள்ளிக்குத் தீர்வை 48 வெள்ளி. இந்தச் சிறு தொகையை மிச்சம் பிடிக்க வேண்டாம். தீர்வை கட்டாத பத்திரத்தை வழக்கில் சாட்சியாகக் காட்ட முடியாது. குடிபோகும் நாளில் சுவர், படுக்கை, குளிர்சாதனம் எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவையுங்கள். முன்பணத்தைத் திருப்பித் தரமாட்டேன் என்றால், இரண்டு ஆண்டுக்கு மேற்படாத ஒப்பந்தங்களுக்குச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் முறையிடலாம். 20,000 வெள்ளிவரை கேட்கலாம். வக்கீல் வைக்க வேண்டியதில்லை.

6. நெருக்கியடித்த மலிவு

எல்லாவற்றிலும் ஆபத்தான மலிவு இதுதான்: ஒரு வீட்டில் பதினைந்து பேர், ஆளுக்கு ஒரு மெத்தை. மூவறைக் கழக வீட்டில் உறவல்லாத ஆறு பேருக்கு மேல் குடியிருக்கக்கூடாது. நாலறை மற்றும் பெரிய வீடுகளில் மட்டும், வாடகை நெருக்கடியைத் தணிக்க, 2024 ஜனவரி 22 முதல் தற்காலிகமாக எட்டுப் பேர்வரை அனுமதித்தார்கள். அளவுக்கு மீறி ஆள் சேர்த்த வீடு பிடிபட்டால் சொந்தக்காரருக்குத் தண்டம். வீட்டையே கழகம் பறிமுதல் செய்யவும் கூடும். குடியிருந்தவர்களோ அன்றிரவே பெட்டியோடு தெருவில்.

இதில் உயிரும் அடங்கியிருக்கிறது. 2020-ம் ஆண்டுக் கொள்ளைநோயில் சிங்கப்பூரில் நோய் கண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் தங்கும் விடுதிகளில் இருந்த அந்நியத் தொழிலாளிகளே. நம் தமிழ்ப் பிள்ளைகள் அவர்களுள் அநேகர். ஓர் அறைக்குள் அடுக்குக் கட்டில்களில் நெருங்கிக் கிடந்தவர்களிடையே நோய் புகுந்தபோது விலகியிருக்க இடமில்லை. மாதக்கணக்கில் வெளியே வரவும் முடியவில்லை. அதன்பின், 2021-ல், புதிதாகக் கட்டும் விடுதிகளில் அறைக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் கூடாது, ஆளுக்கு 4.2 சதுர மீட்டர் இடம் வேண்டும் என்று விதித்தார்கள். ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட படுக்கைகள் உள்ள விடுதிகள் எல்லாம் 2023 ஏப்ரல் 1 முதல் விடுதிச் சட்டத்துக்குள் வந்தன. நெருக்கியடித்த மலிவின் செலவை அங்கே படுத்திருந்தவனே தன் உடம்பால் ஏற்றிருந்தான்.

பாப்பரசர் 23-ம் அருளப்பர் 1963-ல் எழுதிய 'பாச்சேம் இன் தெர்ரிஸ்' என்ற சுற்றுமடலில், மனிதனுடைய உரிமைகளை வரிசைப்படுத்தும்போது உணவு, உடையோடு உறைவிடத்தையும் சேர்த்துச் சொல்கிறார். ஆகையால் அங்கே சொந்த வீடு வைத்திருக்கிற நம்மவருக்கும் ஒரு வார்த்தை. புதிதாக வந்த தமிழன் உங்கள் கதவைத் தட்டுவது, பாஷை தெரிந்தவர் ஏமாற்றமாட்டார் என்ற நம்பிக்கையினால். அவனுக்கு அறை கொடுப்பது நல்ல காரியம். வாடகை வாங்குவதும் நியாயமே. ஆனால் அவனுடைய அவசரத்தை விலையாக்கி, ரசீதில்லாமல் பணம் வாங்கி, பதிவு செய்யாமல் குடிவைத்து, முன்பணத்தையும் பிடித்துக்கொள்வது உதவி அல்ல, அது அநீதி. அப்படிப் பிடித்துக்கொண்ட பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் கடமை, அவன் ஊருக்குப் போய்விட்டாலும் தீராது.

7. பாடத்தின் சுருக்கம்

பிள்ளைகளும் மனதில் வைக்கும்படி கேள்வியும் விடையுமாகத் தருகிறோம். புறப்படுவதற்கு முன் குடும்பமாக உட்கார்ந்து வாசியுங்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் வீடு ஏன் விலை அதிகம்?
விடை: நிலம் குறைவு, ஜனம் அதிகம் என்பதால்.

கேள்வி: அங்கே ஜனங்களில் பெரும்பாலோர் சொந்த வீட்டில் இருப்பது எப்படி?
விடை: நிலத்தை அரசாங்கம் எடுத்து, சேமநிதியும் மானியமும் சேர்த்து, தேசமே செலவை ஏற்றதால்.

கேள்வி: வெளியிலிருந்து போகிறவன் முதலாவது அறிய வேண்டியது என்ன?
விடை: தன் கையிலுள்ள பாஸ் எந்தக் கதவைத் திறக்கும், எந்தக் கதவைத் திறக்காது என்பது.

கேள்வி: மலிவான இடம் கண்டால் என்ன கேட்க வேண்டும்?
விடை: ஏன் மலிவு, அந்தச் செலவை யார் ஏற்கிறார் என்று கேட்க வேண்டும். தூரமானால் கணக்குப் பார்க்கலாம். குத்தகை குறைந்ததானால் யோசிக்கலாம். சட்டத்தை மீறியதானால் விலகிவிட வேண்டும்.

மகனை அனுப்பியிருக்கும் தாய்மார்களே, அடுத்த முறை அவன் பேசும்போது "சாப்பிட்டாயா?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "எங்கே படுக்கிறாய், அறையில் எத்தனை பேர், ஒப்பந்தம் கையில் இருக்கிறதா?" என்றும் கேளுங்கள். பணம் சற்றுக் குறைவாக வந்தாலும், அவன் நிம்மதியாகப் படுத்துறங்க வாடகை கொடுக்கட்டும்.